நாலாம் எண் கதவு

மலையடிவாரத்தில் மொழியம்மாளின் ஆசிரமம் இருந்தது. இரண்டு ஓட்டு வீடுகள், ஒரு கிணறு, சில மாமரங்கள், அவ்வளவுதான். அவளுடைய முழுப்பெயர் குழல்வாய்மொழி. வயது நாற்பத்திரண்டு. அவளிடம் சீடராக வந்து சேர்ந்த ஆவுடையப்பனுக்கு அறுபத்து மூன்று. கிளைச் சிறையில் முப்பத்தொரு வருடம் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தன்னைவிட இருபத்தொரு வயது இளையவளை அவர் "அம்மா" என்று கூப்பிடுவதைக் கேட்டு, பால் கொண்டு வருகிற பெண்கள் முதல் வாரம் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது.

வந்து ஐந்து மாதமாகியும் அவர் எதுவும் கேட்டதில்லை. ஒரு நாள் சாயங்காலம் கேட்டார்.

"அம்மா, பயம் எந்த வழியா உள்ள வருது?"

"எப்ப வருது?"

"பொழுது சாயுற நேரம். ஆறு மணி ஆனாப் போதும். கதவு, ஜன்னல் எல்லாம் தாழ் போட்டுட்டுத்தான் உட்கார்றேன். அப்பவும் வந்துடுது."

"யாராவது வருவாங்கன்னு பயமா?"

"தெரியலை. இதுவரைக்கும் யாரும் வரலை."

சொல்லும்போதே அவர் திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டார்.

முற்றத்தில் ஒன்பது பெட்டைகளும் ஒரு சேவலும் மாமரத்தில் ஏற இடம் தேடிக்கொண்டிருந்தன. பக்கத்துத் தோட்டத்துக்காரி மகள் வீட்டுக்குக் குடிபோகும்போது விட்டுப்போன கோழிகள்.

"அதுகளுக்கு ஒரு கூடு கட்டுங்க" என்றாள் மொழியம்மாள். "முன்னால ஓடித் திரிய வலை போட்ட ஒரு பட்டி. புதுசா ஒரு ஆணிகூட வாங்க வேண்டாம். பழசை வெச்சுக் கட்டுங்க."

"என் கேள்வி?"

"கட்டுங்க."

ஊருக்குள் பழைய கிளைச் சிறையை இடித்துக்கொண்டிருந்தார்கள். நாலு வருடமாகப் பூட்டிக் கிடந்த கட்டடம். வேறு எங்கே போய்க் கேட்பது என்று ஆவுடையப்பனுக்குத் தெரியவில்லை. அங்கேதான் போனார். இடிக்கிற ஆட்களில் ஒருவருக்கு அவரை அடையாளம் தெரிந்தது. ஜன்னல் கம்பிகள், தகரங்கள், துருப்பிடித்த இரண்டு இரும்புக் கட்டில்கள், ஒரு மர ஏணி. பதிவேடுகள் வைக்கிற பெரிய மரப்பெட்டியையும் கொடுத்தார்கள். அதில் ஒன்பது அறைகள் இருந்தன. கோழி முட்டையிட அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. அடியில் ஒரு முழ உயரத்துக்கு உள்ளே காலியான பீடம்.

கதவு ஒன்றுதான் பாக்கி இருந்தது. மற்ற மூன்றும் விலை போயிருந்தன. இரும்புத் தகடு அடித்த பலகைக் கதவு. நடுவில் ஆள் பார்க்க ஒரு சின்னத் துளை. அதன் மேல் வெள்ளை மையில் 4 என்று எழுதியிருந்தது.

"வேற கதவு இல்லையா?"

லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டு வந்த மாசானம் கதவைத் தட்டிப் பார்த்தான். "தேக்கு அண்ணாச்சி. உங்க கோழிக்கு இது பத்தாதா?"

ஆவுடையப்பன் அதைத் தொடவில்லை. அவனே தூக்கி வண்டியில் போட்டான்.

மரப்பெட்டியை ஏற்றும்போது மாசானம் கையை எடுத்துவிட்டான்.

"உள்ள என்னமோ அசைஞ்சுதே."

ஆவுடையப்பன் தன் பழைய வார்டர் தடியால் பெட்டியை மூன்று தட்டுத் தட்டினார். காது வைத்துக் கேட்டார். ஒன்றும் இல்லை.

"காலி. ஏத்து."

வழியெல்லாம் மாசானம் விடவில்லை.

"கோழியெல்லாம் என்ன கேசு அண்ணாச்சி? ஜாமீன் கிடைக்குமா?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டு."

"சேவலைத் தனி அறையில போடுங்க. அவன்தான் முதல் குற்றவாளி. மத்ததெல்லாம் கூட நின்னதுக."

பதினோரு நாளில் கூடு எழுந்தது. ஜன்னல் கம்பிகள் சுவராயின. தகரம் கூரையானது. ஏணியை இரண்டாக அறுத்து, கோழிகள் ஏறி அடையும்படி குறுக்காக வைத்தார். இரும்புக் கட்டில்களை நிமிர்த்தி நட்டு, குளத்துக் குத்தகைக்காரர் தூக்கி எறிந்த மீன்வலையை மேலே இழுத்துக் கட்டினார். அது பகலில் கோழிகள் திரியும் பட்டி. மரப்பெட்டியின் ஒன்பது அறைகளிலும் வைக்கோல் பரப்பினார். நாலாம் எண் கதவை மட்டும் திருப்பி மாட்டினார். தாழ்ப்பாளைக் கழற்றி மறுபக்கம் அடிக்க அரை நாள் ஆனது.

மொழியம்மாள் வந்து சுற்றிப் பார்த்தாள்.

"கெட்டியா இருக்கு."

"யானை வந்தாலும் அசையாது அம்மா."

அன்று ஆறு மணிக்குக் கோழிகளை உள்ளே விட்டார். கதவைச் சாத்தித் தாழ் போட்டுப் பூட்டினார். பிறகு தடியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டே கூட்டைச் சுற்றி வந்தார். அறுபட்ட கம்பியின் ஒலி வேறு மாதிரி இருக்கும். முப்பத்தொரு வருடம் தினமும் அந்த ஒலியைக் கேட்டு வந்த காது.

கிணற்றடியில் நின்ற மொழியம்மாளிடம் வந்து நின்றார்.

"அடைப்பு முடிஞ்சுது. பத்து. சரி."

சொன்ன பிறகுதான் அது சிறையில் தினமும் சொன்ன கணக்கு என்று உறைத்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

முதல் வாரம் முட்டை குறைந்தது. ஒரு நாள் இரண்டு, மறுநாள் மூன்று. வைக்கோலில் ஓடுகூட இல்லை.

"பாம்பு" என்றார் ஆவுடையப்பன். "கம்பிக்கு நடுவுல நாலு விரல் இடம் இருக்கு. அது வழியா வருது."

கொத்தனார் ஒருவரிடம் மணல் சலிக்கும் கிழிந்த சல்லடைகளை வாங்கி வந்து, கம்பிகளின் மேல் சுற்றிலும் அவற்றின் வலையை வைத்துக் கட்டினார்.

மறுநாள் காலை ஒரு பெட்டை செத்துக் கிடந்தது. காயம் இல்லை, ரத்தம் இல்லை. கழுத்து மட்டும் கறுத்திருந்தது.

அவர் சுவரின் அடியைச் சுற்றி முழங்கால் ஆழம் தோண்டினார். உடைந்த கடப்பைக் கற்களை நட்டு மண் போட்டு மிதித்தார். இரண்டு நாள் கழித்து இன்னொன்று செத்தது. சாம்பல் நிறப் பெட்டை. அவர் காலைச் சுற்றி வருவது அது ஒன்றுதான்.

கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடத்தைத் தகரம் வளைத்து அடைத்தார். தகரம் சேராத இடத்தில் தார் பூசிய சாக்கைத் திணித்தார். ஒரு விரல் நுழையும் இடம்கூட விடவில்லை. அன்று சாயங்காலம் கம்பிகளைத் தட்டும்போது தடி இரண்டு முறை கையிலிருந்து நழுவியது.

மறுநாள் மூன்றாவது கோழி.

மொழியம்மாள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். உடம்பு விறைத்திருந்தது.

"சத்தம் கேட்டுதா?"

"கேட்டுது அம்மா. அடைச்சுக் கொஞ்ச நேரத்துலயே. எல்லாம் சேர்ந்து கத்துச்சு."

"என்ன செஞ்சீங்க?"

"ஓடி வந்து கம்பியைத் தட்டிப் பார்த்தேன். ஒண்ணும் அசையலை. பூட்டும் சரியா இருந்துது."

"கதவைத் திறந்தீங்களா?"

அவருக்குக் கேள்வி புரியாததுபோல் இருந்தது.

"அடைப்புக்கு அப்புறம் திறக்கிறது இல்லையே அம்மா."

மொழியம்மாள் கோழியைக் கீழே வைத்தாள்.

"அது எந்த வழியா வருதுன்னு வெளியில இருந்து பார்த்தாத் தெரியாது" என்றாள். "இன்னைக்கு நான் உள்ள உட்கார்றேன்."

"வேண்டாம் அம்மா."

"நீங்க எப்பவும்போல அடைச்சிடுங்க."

"அம்மா, நான் உட்கார்றேன். நீங்க வெளியில இருங்க."

"உள்ள உட்காருவீங்களா? பூட்டினப்புறம்?"

ஆவுடையப்பன் கதவைப் பார்த்து ஒரு எட்டுப் பின்னால் போனார்.

ஆறு மணிக்குக் கோழிகள் உள்ளே போயின. அவற்றின் பின்னால் மொழியம்மாள் குனிந்து நுழைந்தாள். அவர் நீட்டிய டார்ச் லைட்டை வாங்கவில்லை.

"வெளிச்சம் இருந்தா அது வராது. பூட்டுங்க."

பூட்டினார். சாவி இடுப்புக் கயிற்றில் ஆடியது.

"எண்ணிக்கை சொல்லுங்க" என்றது உள்ளேயிருந்து குரல்.

"ஏழு."

"என்னையும் சேர்த்து."

"எட்டு. சரி."

வழக்கம்போலச் சுற்றி வந்து கம்பிகளைத் தட்டினார். எல்லாம் ஒரே ஒலி. மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டது. மாமரத்தின் அடியில் இருட்டு சேர்ந்துகொண்டிருந்தது. அவர் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். உட்கார முடியவில்லை.

"ஆவுடையப்பன்."

"அம்மா."

"கதவுக்கு உள்பக்கம் நாலுன்னு எழுதியிருக்கு. எண் வெளியிலதானே இருக்கும்?"

அவர் கதவின் மேல் கை வைத்தார்.

"திருப்பி மாட்டியிருக்கீங்க."

"அந்த நம்பரைப் பார்க்க முடியலை அம்மா."

உள்ளே ஒரு கோழி இறக்கையை அடித்து அடங்கியது. மொழியம்மாள் வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

"இருபத்திரண்டு வருஷம் ஆச்சு" என்றார். "புலமாடன்னு ஒரு ஆள். வாய்க்கால் தகராறுல ரிமாண்ட். நாலாம் நம்பர் அறை. அடைச்சுக் கால் மணி நேரம்கூட ஆகலை. வார்டரய்யா, நெஞ்சு அடைக்குது, கதவைத் திறங்கன்னு கூப்பிட்டான். உத்தரவு இல்லாமத் திறக்கக் கூடாது. அதிகாரி ஊர்ல இல்லை."

நிறுத்தினார்.

"உத்தரவு எல்லாம் அப்புறம். நான் நடிக்கிறான்னு நினைச்சேன் அம்மா. முந்தின மாசம் ஒருத்தன் அப்படித்தான் நடிச்சு ஓடப் பார்த்தான். இந்தத் துளை வழியாத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன். கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். அப்புறம் கூப்பிடலை. பார்த்தியா, கூப்பிட்டு அலுத்துப் படுத்துட்டான்னு நினைச்சேன். போய்க் கம்பியைத் தட்டிப் பார்த்துட்டு வந்து எண்ணிக்கை எழுதினேன். பதினாலு, சரின்னு."

உள்ளேயிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"ஆவுடையப்பன். கதவைத் திறங்க. உள்ள ஏதோ ஊருது."

அவர் கை சாவியைப் பிடித்தது. அப்படியே நின்றது.

இப்போதுதான் அதைச் சொல்லி முடித்தோம், இப்போதே திற என்கிறாள்.

"அம்மா, சோதிக்கிறீங்களா?"

கோழிகள் எல்லாம் சேர்ந்து கத்தின.

"என்னைச் சோதிக்கத்தானே சொல்றீங்க?"

பதில் இல்லை.

"எல்லா ஓட்டையும் நான்தான் அடைச்சேன். அது எப்படி உள்ள வரும்? அம்மா?"

அவர் துளையில் கண்ணை வைத்தார். இருட்டு. சுவரோரம் வெள்ளையாகச் சேலை மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை. கோழிகளும் சட்டென்று அடங்கிப் போயின.

அந்த அமைதியை அவருக்குத் தெரியும்.

சாவி பூட்டின் வாயில் நுழையவில்லை. இடப்பக்கம் இடித்தது, வலப்பக்கம் இடித்தது. ஒரு கையை இன்னொரு கையால் பிடித்து நுழைத்தார். தாழ்ப்பாள் சிக்கியது. காலால் உதைத்தார். கதவு திறந்துகொண்டது.

மீதமிருந்த வெளிச்சம் தரையில் விழுந்தது. மொழியம்மாள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கை முழங்காலின் மேல் வைத்தபடி அப்படியே இருந்தது. அந்தக் கைக்கு ஒரு முழம் தள்ளி, நல்ல பாம்பு படம் எடுத்து நின்றது.

ஆவுடையப்பன் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

பாம்பு வெளிச்சத்தின் பக்கம் தலையைத் திருப்பியது. படம் மெல்லச் சுருங்கியது. தரையோடு தரையாக இறங்கி, கதவை நோக்கி வந்தது. நிலைக்கட்டையைத் தாண்டியது. அவருடைய செருப்பை உரசிக்கொண்டு வெளியே வந்தது. வலைப்பட்டியின் கட்டில் சட்டங்களுக்கு நடுவே புகுந்து வேலிப்பக்கம் போய் மறைந்தது. போன வேகத்தைப் பார்த்தால், இத்தனை நாளும் அதற்காகவே காத்திருந்ததுபோல் இருந்தது.

மொழியம்மாள் எழுந்து வர நேரமாயிற்று. கிணற்றடிக் கல்லில் வந்து உட்கார்ந்தாள். அவர் செம்பில் தண்ணீர் கொடுத்தார். பாதி அவள் மடியில் சிந்தியது.

"உங்களுக்கும் பயமா அம்மா?"

"பல்லு கிட்டிப்போச்சு. வாயைத் திறக்கவே முடியலை."

"பாம்புக்கா?"

அவள் மிச்சத் தண்ணீரைக் குடித்தாள்.

"முதல்ல பாம்புக்கு. அப்புறம் நீங்க கேள்வி கேட்டுக்கிட்டே நின்னீங்களே, அதுக்கு."

ஆவுடையப்பன் தரையில் உட்கார்ந்தார். முகத்தை மூடிக்கொண்டார். மொழியம்மாள் அவரைத் தேற்றவில்லை. எழுந்தும் போகவில்லை. அன்று கூட்டின் கதவு திறந்தே கிடந்தது. கோழிகள் வெளியே வரவில்லை. அவரும் அன்று தன் அறைக் கதவைத் தாழ் போட மறந்துபோனார்.

காலையில் அவர் கேட்டார்.

"எந்த வழியா அம்மா வந்துது? ஒரு விரல் போக இடம் இல்லையே."

"அந்த மரப்பெட்டியைப் பிரிச்சுப் பாருங்க. அங்க இருந்துதான் சத்தம் கேட்டுது."

கடப்பாரையால் பீடத்துப் பலகையை நெம்பினார். மூலையில் எலி கடித்த ஓட்டை இருந்தது. உள்ளே ஒரு பாம்புச் சட்டை உரிந்து கிடந்தது. பழையதாக இன்னொன்று. காய்ந்துபோன எலி எலும்புகள். பதிவேட்டிலிருந்து கிழிந்து விழுந்த ஒரு தாள், கோடுகள் மட்டும் தெரிந்தன.

"நானேதான் வண்டியில ஏத்தினேன்" என்றார்.

"ஆமா."

"தட்டிக்கூடப் பார்த்தேன்."

மொழியம்மாள் வைக்கோலை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"முதல் வாரம் முட்டை மட்டும்தானே அம்மா போச்சு? கோழி எதுவும் சாகலையே."

"அப்ப ராத்திரியில அதுக்கு வெளியே போக வழி இருந்துது."

ஆவுடையப்பன் கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தார். கம்பிகளையும் சல்லடையையும் தகரத்தையும் தாரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாலாம் எண் கதவு வெயிலில் திறந்து கிடந்தது. எண் இப்போது வெளியே தெரிந்தது.

ஒரு மணி நேரம் கழித்து, துவைத்த சட்டையும் கையில் பையுமாக வந்து நின்றார். தடி கையில் இல்லை. தலையைச் சீவியிருந்தார். மாசானம் வண்டியோடு வாசலில் நின்றான். அவன் எதுவோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அந்தப் புலமாடனுக்கு ஒரு பொண்ணு இருந்தா அம்மா. அப்ப எட்டு வயசு. உடம்பை எடுத்துட்டுப் போக வந்தப்போ, என் பெல்ட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. பொன்னுத்தாய்னு பேரு. அவங்க ஊர்லயேதான் இருக்காளாம்."

மொழியம்மாள் தலையாட்டினாள்.

"என்ன சொல்லணும்னு தெரியலை."

"என்கிட்ட என்ன சொன்னீங்களோ அது."

"நடிக்கிறான்னு நினைச்சேன்கிறதையுமா?"

"அதை விட்டுட்டா வேற என்ன இருக்கு?"

அவர் படியில் இறங்கினார். இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றார். பகல் பத்து மணி வெயிலில், அந்த ஆறு மணிப் பயம் அவருக்கு வந்திருந்தது. திரும்பினார்.

"நான் யாருன்னு சொன்னதும், கதவைச் சாத்திட மாட்டாளா? திறப்பாளா அம்மா?"

மொழியம்மாள் கோழிகளுக்குத் தவிட்டை இறைத்துக்கொண்டே சொன்னாள்.

"தட்டிப் பாருங்க."